மெஷினுக்குள் ஒரு மெஷின்: கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி

கிளவுட் கம்ப்யூட்டிங் லேப்ல முதல் எக்ஸ்பெரிமென்ட் என்னன்னு சீனியர் யாரைக் கேட்டாலும் சொல்லிடுவாங்க. விர்ச்சுவல்பாக்ஸ் இன்ஸ்டால் பண்ணு, விண்டோஸ் மேல ஒரு உபுண்டு ஏத்து. 2 ஜிபி ரேம் ஒதுக்கு, 20 ஜிபி டிஸ்க் கொடு, ஐஎஸ்ஓ ஃபைலைக் காட்டு, ஸ்டார்ட். ரெக்கார்டு நோட்ல கையெழுத்து வாங்கினா வேலை முடிஞ்சது. உள்ளே ஓடுற உபுண்டு தனக்குன்னு ஒரு முழு கம்ப்யூட்டர் இருக்குன்னு நம்பிக்கிட்டு ஓடும். அதை அப்படி நம்ப வைக்கிற வித்தைக்கு வழி போட்டவங்க வரிசையில ஒரு ஸ்கூல் வாத்தியாரும் இருக்கார். இந்த இதழ்ல அவர் கதை.

கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி 1916 நவம்பர் 16-ல் லண்டனில் பிறந்தார். பெரிய இடத்துப் பிள்ளை. அப்பா ஆலிவர், பிரிட்டிஷ் அரசுக்காக எதிரிகளின் ரகசியக் குறியீடுகளை உடைத்தவர். அம்மா ரே, பெண்களின் ஓட்டுரிமைக்காகப் போராடியவர். சித்தப்பா லிட்டன் ஸ்ட்ரேச்சி பிரபல எழுத்தாளர். தாத்தா ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி இந்தியாவில் பொதுப்பணிகளைக் கவனித்த ராணுவ இன்ஜினியர். இப்படி ஒரு குடும்பத்தில் பிறந்தவன் கேம்பிரிட்ஜ் போகாமல் இருப்பானா? 1935-ல் கிங்ஸ் காலேஜில் சேர்ந்தார்.

அங்கேதான் சறுக்கல். மூன்றாவது வருஷம் மனசு உடைந்து படிப்பு நின்றுபோனது. தேறித் திரும்பி வந்து 1939-ல் டிகிரி முடித்தார். ஆனால் கிடைத்தது இரண்டாம் வகுப்பில் கீழ்ப்பிரிவு. ஆராய்ச்சிக்குப் போகலாம்னு வைத்திருந்த ஆசை அதோடு போச்சு. போர்க்காலம் முழுக்க ஒரு டெலிபோன் கம்பெனியில் வால்வு டிசைன் வேலை. அந்தக் கணக்குகளுக்கு டிஃபரென்ஷியல் அனலைசர் என்ற இயந்திரத்தைப் பயன்படுத்தியபோதுதான் கணிப்பொறி மேல் கண் விழுந்தது. போர் முடிந்ததும் கான்டர்பரியில் ஒரு பள்ளியில் வாத்தியார் ஆனார். 1949-லிருந்து ஹாரோ பள்ளி. நம்ம நேரு படித்த அதே ஹாரோதான்.

1951 ஜனவரியில் ஒரு நண்பர் மூலமாக, தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருந்த பைலட் ஏஸ் கம்ப்யூட்டரைப் பார்க்கும் வாய்ப்பு வந்தது. அப்போ அவருக்கு வயது 34. உடனே டிராஃப்ட்ஸ், அதாவது செக்கர்ஸ் ஆடுற புரோகிராம் எழுத உட்கார்ந்துவிட்டார். பைலட் ஏஸின் மெமரிக்கு அது ரொம்பவே பெரிசு. மான்செஸ்டரில் இதைவிட அதிக மெமரி உள்ள மெஷின் வந்திருக்குன்னு கேள்விப்பட்டு, அங்கே இருந்த ஆலன் டியூரிங்குக்கு எழுதி மேனுவல் கேட்டார். டியூரிங்கும் கிங்ஸ் காலேஜ்காரர், ஏற்கெனவே பழக்கம். மேனுவலை எழுதியதே டியூரிங்தான். படிக்கிறவன் தலை சுத்தும்! கட்டளைகளை எல்லாம் டெலிபிரிண்டர் எழுத்துகளில், 32 அடிமான எண்களாக எழுதணும்.

வாத்தியார் அதைப் படித்துப் புரிந்துகொண்டார். அவர் மான்செஸ்டர் போனபோது டியூரிங் ஒரு யோசனை சொன்னார்: இந்த மெஷின் தன்னைத்தானே போலச் செய்யுற மாதிரி ஒரு புரோகிராம் எழுதிப் பாரேன்.

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமா போவோம். மெஷினில் ஒரு புரோகிராம் நேரடியாக ஓடினால், எங்கே தப்பு நடந்ததுன்னு வெளியே இருந்து தெரியாது. அதனால் நடுவில் இன்னொரு புரோகிராமை உட்கார வைக்கலாம். அது மெஷினின் அக்குமுலேட்டர் மாதிரியான பாகங்களை மெமரியில் சாதாரண எண்களாக வைத்துக்கொள்ளும். சோதிக்க வேண்டிய புரோகிராமிலிருந்து ஒரு கட்டளையை எடுக்கும், அதன் பலனை அந்த எண்களில் காட்டும், குறிப்பு எழுதும், அடுத்ததுக்குப் போகும். உள்ளே ஓடுறதுக்கு நிஜ மெஷின் கைக்கே எட்டாது. கேம்பிரிட்ஜின் எட்சாக் கம்ப்யூட்டரில் இதே வகைச் சின்ன ரூட்டீன்கள் ஏற்கெனவே இருந்தன, அதனால் இவர்தான் முதல்னு சொல்ல முடியாது. ஆனால் ஸ்ட்ரேச்சி எழுதினது சுமார் 1000 கட்டளைகள். அந்த மெஷினுக்கு அதுவரை யாரும் இவ்வளவு பெரிசா எழுதினதில்லை. பள்ளி வேலை போக மீதி நேரத்தில் எழுதிக்கொண்டு வந்து, ராத்திரி முழுக்க மெஷினோடு உட்கார்ந்து ஓட வைத்தார். ஓடி முடிந்ததும் மெஷினின் ஹூட்டர் பிரிட்டிஷ் தேசிய கீதத்தை வாசித்தது! அதையும் புரோகிராமுக்குள்ளே சேர்த்து வைத்திருந்தார் மனுஷன்.

அந்த ஒரு ராத்திரி அவர் வேலையையே மாத்திடுச்சு. கண்டுபிடிப்புகளைத் தொழிலுக்குக் கொண்டுபோகும் தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம் அவரை அழைத்தது. 1952-ல் ஹாரோவை விட்டு அங்கே சேர்ந்தார். அந்த வருஷமே டிராஃப்ட்ஸ் புரோகிராம் முழு ஆட்டம் ஆடியது. காதல் கடிதம் எழுதுற புரோகிராம் ஒன்றும் செய்தார், வார்த்தைகளைக் குலுக்கிப் போட்டு. கனடாவில் செயின்ட் லாரன்ஸ் நீர்வழிக்கான கணக்குகள், பெகாசஸ் கம்ப்யூட்டர் டிசைன் என்று வருஷங்கள் ஓடின.

1959-ல் பாரீஸில் யுனெஸ்கோ நடத்திய மாநாட்டில் அவர் படித்த கட்டுரை டைம் ஷேரிங் பற்றியது. பிரச்சினை எளிமையானது. கம்ப்யூட்டர் விலை யானை விலை. புரோகிராமர் முன்னால் உட்கார்ந்து தன் பிழையை முறைத்துப் பார்க்கும்போது மெஷின் சும்மா கிடக்கும். அந்தச் சும்மா நேரத்தில் இன்னொரு புரோகிராமை ஓட்டினால் என்ன? ஓட்டலாம். ஆனால் ஒன்று இன்னொன்றின் மெமரியில் கை வைக்கக் கூடாது, யார் எப்போ ஓடணும்னு தீர்மானிக்க மேலே ஒரு புரோகிராம் வேணும். அதற்கு அவர் வைத்த பெயர் டைரக்டர். நம்ம ஹைப்பர்வைசர் இன்னிக்கும் கவலைப்படுறது இதே ரெண்டு விஷயத்துக்குத்தான். பல பேர் பல டெர்மினலில் உட்கார்ந்து ஒரே மெஷினைப் பகிர்ந்துகொள்வது என்ற அர்த்தத்தை, அமெரிக்காவில் ஜான் மெக்கார்த்தி குழு அதே பெயருக்குத் தந்தது. பிறகு 1967-ல் ஐபிஎம்மின் சிபி-40, ஆளுக்கு ஒரு முழு கம்ப்யூட்டர் இருப்பது போலவே காட்டியது. கட்டளைகளை நிஜ சிபியூவிலேயே ஓட விட்டு, ஆபத்தானதை மட்டும் இடைமறிப்பது அதன் உத்தி. ஒவ்வொரு கட்டளையையும் ஸ்ட்ரேச்சி மாதிரி மென்று விழுங்கினால் வேகம் எங்கிருந்து வரும்?

1962-ல் இவர் மறுபடி கேம்பிரிட்ஜ் போனார், ஒருகாலத்தில் ஆராய்ச்சி இடம் தராத அதே பல்கலைக்கழகம். அங்கே சிபிஎல் என்ற மொழியை வடிவமைக்கும் குழுவில் இருந்தார். மொழி பெரிசா ஓடவில்லை. ஆனால் அதைச் சுருக்கி மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் பிசிபிஎல் செய்தார், அதிலிருந்து பி, பியிலிருந்து நம்ம முதல் செமஸ்டர் சி. கிளவுட் பக்கமும் அதே ஊர்தான்: 2003-ல் கேம்பிரிட்ஜ் கணினி ஆய்வகத்திலிருந்து ஜென் ஹைப்பர்வைசர் வந்தது, 2006-ல் அமேசான் ஈசி2-வை அதன் மேல்தான் தொடங்கியது.

ஸ்ட்ரேச்சி அதற்குள் ஆக்ஸ்ஃபோர்டுக்கு மாறி, 1965-ல் புரோகிராமிங் ஆராய்ச்சிக் குழுவைத் தொடங்கியிருந்தார். டானா ஸ்காட்டோடு சேர்ந்து, ஒரு புரோகிராமின் அர்த்தத்தைக் கணிதமாக எழுதும் வழியை உருவாக்கினார். 1971-ல் பேராசிரியர் பதவி கிடைத்தது. எழுதினதை அச்சுக்குக் கொடுக்க மட்டும் மனசு வராது. 1967-ல் கோபன்ஹேகனில் நடத்திய புகழ்பெற்ற பாடக் குறிப்புகள் 2000-ல்தான் இதழில் வெளிவந்தன.

1975 மே 18-ல் கல்லீரல் அழற்சியால் இறந்தார். வயது 58. ராபர்ட் மில்னேயோடு சேர்ந்து ஒரு பரிசுக்காக எழுதிய நீண்ட கட்டுரையை, மில்னே அடுத்த வருஷம் புத்தகமாகக் கொண்டுவந்தார்.