ஆல்பர்ட் கால்மெட்

நம்மில் பலருடைய இடக்கையின் மேற்புறத்தில் சிறியதொரு தழும்பு உண்டு. விருதுநகரில் பிறந்த குழந்தையாயினும், சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளியின் குழந்தையாயினும், பிறந்தவுடன் இடப்பெறும் பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. இம்மருந்தை நமக்கு அளித்தவர்கள் ஆல்பர்ட் கால்மெட் என்னும் பிரெஞ்சு அறிஞரும், அவருக்குத் துணைநின்ற கமில் கெரான் என்பவரும் ஆவர்.

கால்மெட் 1863ஆம் ஆண்டு நீஸ் நகரில் பிறந்தார். மருத்துவம் பயின்று கடற்படையில் பணியாற்றினார். பின்னர்ப் பாஸ்டர் நிலையத்தைச் சார்ந்து, 1891இல் சைகோன் நகரில் அதன் கிளையை நிறுவினார். அங்கே நாகத்தின் நஞ்சினை ஆராயத் தொடங்கி, சில ஆண்டுகளில் பாம்புக்கடிக்கு மாற்றுமருந்து கண்டார். நஞ்சினைச் சிறிது சிறிதாகச் செலுத்தினால் அதனை எதிர்க்கும் ஆற்றல் உடலில் தோன்றும் என்பதை அவர் நன்கு உணர்ந்தார்.

1895இல் லில் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தின் தலைவரானார். நெசவாலைகள் மலிந்த அந்நகரில் ஏழைத் தொழிலாளரைக் காசநோய் வாட்டியது. அதனைத் தடுக்க வழிதேடிய கால்மெட்டும் கெரானும், பசுவிடமிருந்து பெற்ற காசநோய்க் கிருமியை 1908 முதல் கிளிசரினும் பித்தநீரும் சேர்த்த உருளைக்கிழங்கின்மீது வளர்த்தனர். சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய கிழங்கிற்கு மாற்றினர். முதல் உலகப்போரில் லில் நகரம் பகைவர் வசமாயிற்று. ஆயினும் அவர்களது பணி நிற்கவில்லை. 13 ஆண்டுகளில் ஏறத்தாழ 230 முறை மாற்றப்பெற்ற அக்கிருமி, உயிரோடிருந்தும் நோய்தரும் வன்மையை இழந்தது.

1921இல் பாரிசில், காசநோயால் தாயை இழந்த பச்சிளங்குழந்தை ஒன்றுக்கு அம்மருந்து முதன்முதலாகப் புகட்டப்பட்டது. அக்குழந்தை நோயின்றி வளர்ந்தது. பல நாடுகளும் அம்மருந்தை விரும்பி ஏற்றன.

ஆனால் 1930இல் பேரிடி ஒன்று விழுந்தது. செருமனியின் லூபெக் நகரில் மருந்துண்ட ஏறத்தாழ 250 குழந்தைகளுள் 70க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலகம் கால்மெட்டின்மீது ஐயம் கொண்டது. அந்நகரத்து ஆய்வுக்கூடத்தில் வன்மைமிக்க காசநோய்க் கிருமி மருந்தோடு கலந்துவிட்டதே காரணம் என்பது விசாரணையில் தெளிவாயிற்று. மருந்தின்மேல் விழுந்த பழி நீங்கியது. எனினும் இறந்த குழந்தைகளை எண்ணி நைந்த அவருடைய உள்ளம் தேறவில்லை. 1933இல் அவர் மறைந்தார்.

1948இல் நம் சென்னைக் கிண்டியிலேயே பி.சி.ஜி. மருந்தைச் செய்யும் ஆய்வுக்கூடம் அமைந்தது. இம்மருந்து காசநோயை அடியோடு ஒழிக்கவில்லை. ஆயினும் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கொடிய காசநோயினின்று பெரிதும் காக்கின்றது.

கால்மெட் காணாத பயன் ஒன்றும் பின்னர் விளைந்தது. 1976இல் கனடா நாட்டு மருத்துவர் அல்வரோ மொராலிசு, சிறுநீர்ப்பையில் தோன்றும் புற்றுநோய்க்கு இதே கிருமியைப் பயன்படுத்தி வெற்றி கண்டதை வெளியிட்டார். சிறுநீர்ப்பையினுள் செலுத்தப்பெறும் இக்கிருமி, உடலின் காவற்படையாகிய உயிரணுக்களை அங்கே திரட்டுகின்றது. திரண்ட அப்படை, பையின் உட்பரப்பில் உள்ள புற்றுநோய் அணுக்களையும் தாக்கி அழிக்கின்றது. சிறுநீர்ப்பையின் ஆழத்திற்குப் பரவாத புற்றுநோய்க்கு இன்றும் இம்மருத்துவம் கையாளப்படுகின்றது.

கொல்ல வந்த பகையைப் பொறுமையினால் பணியவைத்து, அதனையே காவலாக்கினார் கால்மெட். நம் கையிலுள்ள சிறு தழும்பு அப்பெரியாரின் அயரா உழைப்பை நமக்கு நினைவூட்டுமாக.