வீட்டுச் சிறையில் பிறந்த பிளஸ் 1 கணக்கு: கலிலியோவும் எறிபொருளும்

பிளஸ் 1 இயற்பியலில் பலரையும் மிரட்டிய பாடம் எறிபொருள் இயக்கம். பந்தை இந்தக் கோணத்தில், இந்த வேகத்தில் எறிந்தால் எங்கே விழும்? இந்தக் கணக்குக்கு முதலில் சரியான வழி காட்டியவர்களில் முக்கியமானவர் கலிலியோ கலிலி. அதைப் புத்தகமாக எழுதி முடித்தபோது அவர் வீட்டுக் காவல் கைதி!

டாக்டர் படிப்பு பாதியிலேயே...

1564-ல் இத்தாலியின் பீசா நகரில் பிறந்தவர் கலிலியோ. அப்பா இசைக்கலைஞர். மகன் மருத்துவராக வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ கணிதத்தின் மேல்தான் கண். 1585-ல் பட்டம் வாங்காமலே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். ஆனால் நான்கே வருடங்களில் அதே பீசா பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பிக்கப் போனார். 1592-ல் படுவாவுக்கு மாறி, அங்கே 18 ஆண்டுகள் இருந்தார்.

மேஜையும் பந்தும்

பீரங்கிக் குண்டு முதலில் நேர்கோட்டில் போகும், வேகம் தீர்ந்ததும் கீழே விழும் என்றுதான் அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். கலிலியோ சோதித்துப் பார்த்தார். விழும் வேகத்தைக் குறைக்கப் பந்தைச் சாய்வுப் பலகையில் உருட்டினார். துல்லியமான கடிகாரம் கிடையாது. பாத்திரத்திலிருந்து வடிந்த தண்ணீரை எடைபோட்டு நேரத்தைக் கணக்கிட்டார். 1608 வாக்கில், மேஜை விளிம்பிலிருந்து பந்தை ஓடவிட்டு, அது எவ்வளவு தூரம் தள்ளி விழுகிறது என்று அளந்தார்.

கிடைத்த விடை: பந்து ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. பக்கவாட்டில் மாறாத வேகத்தில் போகிறது. கீழ்நோக்கி வேகம் கூடிக்கொண்டே விழுகிறது. ஒன்று மற்றதைத் தொந்தரவு செய்வதில்லை. இரண்டும் சேர்ந்தால் பாதை பரவளையம்.

ஓர் உதாரணம். 1.25 மீட்டர் உயர மேஜையிலிருந்து பந்து நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் கிடைமட்டமாகக் கிளம்புகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால், தரையைத் தொட 0.5 நொடி ஆகும். அந்த நேரத்தில் பக்கவாட்டில் 4 × 0.5 = 2 மீட்டர் போயிருக்கும். அவ்வளவுதான் கணக்கு!

தண்டனைக்குப் பிறகு

பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்தை ஆதரித்ததற்காக 1633-ல் ரோமில் மதவிசாரணை மன்றம் அவரைத் தண்டித்தது. அப்போது வயது 69. அந்தக் கருத்தைக் கைவிடுவதாக மண்டியிட்டுச் சொல்ல வைத்தார்கள். பிறகு ஃப்ளாரன்ஸ் அருகே ஆர்சத்ரியில் வீட்டுக் காவல். மறு வருடமே, ஆறுதலாக இருந்த மகள் மரியா செலஸ்தேயும் இறந்துபோனார். எழுதினாலும் வெளியிடத் தடை.

அவர் ஓயவில்லை. 30 வருடக் குறிப்புகளைத் தூசிதட்டி, 'இரண்டு புதிய அறிவியல்கள்' நூலை எழுதினார். கையெழுத்துப் பிரதி ரகசியமாக எல்லை தாண்டியது. 1638-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் அச்சானது. மூன்று பேர் நான்கு நாள் பேசிக்கொள்வது போன்ற நூல் அது. நான்காம் நாள் முழுக்க எறிபொருள்தான். 45 டிகிரியில் எறிந்தால்தான் அதிக தூரம் போகும் என்பதற்கு நிரூபணமும் அதில் இருக்கிறது. காற்றின் தடையால் நிஜப் பாதை கொஞ்சம் மாறும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அச்சான பிரதி கைக்கு வந்தபோது அதைப் படிக்க அவருக்குப் பார்வை இல்லை. இரண்டு கண்களும் போயிருந்தன. 1642 ஜனவரி 8 அன்று, 77 வயதில், காவலில் இருந்த அதே வீட்டில் காலமானார். பக்கவாட்டு வேகம் தனி, செங்குத்து வேகம் தனி என்று பிளஸ் 1 மாணவர்கள் இன்றும் முதல் வரியில் பிரித்து எழுதுவது அந்த நான்காம் நாள் பாடத்தைத்தான்.