வாளித் தண்ணீரில் தெரிந்த சூரியன்



1847ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் தேதி. பிரான்ஸ் நாட்டில் ஒரு சிற்றூர். அன்று சூரிய கிரகணம். ஒரு வீட்டில் அம்மா, வாளி நிறையத் தண்ணீர் எடுத்து வைத்தார். சூரியனை நேராகப் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்பதால், தண்ணீரில் தெரியும் சூரியனைத் தம் பிள்ளைகளுக்குக் காட்டினார். ஐந்து வயது மகன் குனிந்து பார்த்தான். வட்ட அப்பத்தை யாரோ ஓரத்திலிருந்து கடித்துத் தின்பது போல, சூரியன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது! அந்தக் காட்சியை அவன் கடைசி வரை மறக்கவே இல்லை.

அந்தச் சிறுவன்தான் கமில் ஃபிளமாரியோன். வானியலைச் சாதாரண மக்களிடம் கொண்டு சேர்த்தவர்களில் முதன்மையானவர். 1842ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் தேதி பிறந்தவர்.

கமிலுக்குப் படிப்பில் கொள்ளை ஆசை. ஆனால் குடும்பத்தில் வறுமை வந்தது. பிழைப்புத் தேடி எல்லோரும் பாரிஸ் நகருக்குப் போனார்கள். அங்கே கமில், உலோகத்தில் சித்திரம் செதுக்கும் ஒருவரிடம் வேலை பழகச் சேர்ந்தான். பகல் எல்லாம் வேலை. இரவில் படிப்பு. மெழுகுவத்தி வாங்கக் காசில்லாத இரவுகளில் நிலா வெளிச்சத்தில் படித்தான். படித்ததோடு நிற்காமல், உலகம் தோன்றிய விதம் பற்றி 500 பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தான்!

ஓய்வில்லாத உழைப்பால் உடம்பு கெட்டுப் படுத்துவிட்டான். பார்க்க வந்த மருத்துவரின் கண்ணில் அந்தக் கட்டுத் தாள்கள் பட்டன. படித்துப் பார்த்து வியந்துபோனார். அவர் செய்த உதவியால், 1858ஆம் ஆண்டு, 16 வயதில், பாரிஸ் வானாய்வகத்தில் கமிலுக்கு வேலை கிடைத்தது.

அந்த வானாய்வகத்தின் தலைவர் லெவெரியே சாதாரண ஆள் இல்லை. நெப்டியூன் கோள் வானத்தில் எந்த இடத்தில் இருக்கும் என்று, தொலைநோக்கியைத் தொடாமலே கணக்குப் போட்டுச் சொன்னவர். 1846ஆம் ஆண்டு, ஏறக்குறைய அதே இடத்தில் அந்தக் கோள் கண்டுபிடிக்கப்பட்டது!

கமிலுக்கும் அங்கே கணக்கு வேலைதான் கொடுக்கப்பட்டது. வானத்தைப் பார்க்க ஆசைப்பட்டுப் போனவர், நாள் முழுவதும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். 1862ஆம் ஆண்டு, மற்ற உலகங்களிலும் உயிர்கள் வாழக்கூடும் என்று ஒரு புத்தகம் எழுதினார். மக்கள் அதை ஆசையாக வாங்கிப் படித்தார்கள். தலைவருக்கோ அது பிடிக்கவில்லை. கமிலின் வேலை போயிற்று. அப்போது அவருக்கு வயது 20.

வேறு ஒருவராக இருந்தால் மனம் உடைந்து போயிருப்பார். கமில் எழுதுவதை நிறுத்தவில்லை. வானம் அறிஞர்களுக்கு மட்டும் சொந்தமில்லை, எல்லோருக்கும் சொந்தம் என்பதே அவருடைய எண்ணம். பத்திரிகைகளில் எழுதினார். மேடைகளில் பேசினார். பலூனில் ஏறி மேகங்களுக்கு மேலே போய்ப் பார்த்தார்.

1880ஆம் ஆண்டு அவருடைய மிகப் பெரிய புத்தகம் வெளிவந்தது. 'எல்லோருக்கும் வானியல்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஒரு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது! அடுத்து, வெறும் கண்ணால் பார்க்கக்கூடியவற்றையும், எளிதில் பார்க்கக்கூடிய மற்ற வான அதிசயங்களையும் விளக்கி இன்னொரு புத்தகம் எழுதினார்.

அவருடைய எழுத்தில் மயங்கிய வாசகர் ஒருவர், பாரிசுக்குத் தெற்கே ஜுவிசி என்ற ஊரில் இருந்த தம் பெரிய வீட்டையே அவருக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார்! கமில் அதன் உச்சியில் கூண்டு கட்டி, 24 செ.மீ. அகல வில்லை கொண்ட தொலைநோக்கியை வைத்தார். 1887ஆம் ஆண்டு பிரெஞ்சு வானியல் சங்கத்தைத் தொடங்கினார். வானத்தின் மேல் ஆசை உள்ள யாரும் அதில் சேரலாம். அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது.

அவர் நினைத்ததெல்லாம் சரி என்று சொல்ல முடியாது. செவ்வாயில் தெரிந்த கோடுகள் அங்கே வாழ்பவர்கள் வெட்டிய கால்வாய்களாக இருக்கலாம் என நம்பினார். 1965ஆம் ஆண்டு மாரினர் 4 விண்கலம் படம் எடுத்து அனுப்பியது. அதில் கால்வாய் எதுவும் இல்லை!

ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். நெப்டியூனின் பெரிய நிலவுக்கு இன்று டிரைட்டன் என்று பெயர். அந்தப் பெயரை முதலில் சொன்னவர் கமில். லெவெரியே கணக்கிட்ட கோளின் நிலவுக்கு, அவரிடம் வேலை இழந்தவர் சொன்ன பெயரே நிலைத்துவிட்டது!

1925ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் தேதி, 83 வயதில் கமில் காலமானார். ஜுவிசியில் தம் வானாய்வகத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

குழந்தைகளே! நீங்களும் மொட்டை மாடிக்குப் போய் வானத்தைப் பாருங்கள். தொலைநோக்கி வேண்டாம். பெரியவர் ஒருவர் துணைக்கு இருந்தால் போதும்.

1. மூன்றாம் பிறை முதல் பௌர்ணமி வரை, தினமும் இரவு ஏழு மணிக்கு நிலாவைப் பாருங்கள். எந்தப் பக்கம் இருக்கிறது, என்ன வடிவம் என்று நோட்டில் வரையுங்கள். மேற்கே தொடங்கிய நிலா கிழக்கே போய் முடிந்திருக்கும்!

2. தை மாத இரவில் தலைக்கு மேலே கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைத் தேடுங்கள். எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று எண்ணுங்கள். பலருக்கு ஆறு தெரியும்.

3. மின்னுவது நட்சத்திரம். மின்னாமல் நிலையாக ஒளிர்வது பெரும்பாலும் கோள். இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சூரியனை ஒருபோதும் நேராகப் பார்க்காதீர்கள். தண்ணீரில் தெரியும் சூரியனும் கண்ணுக்கு ஆபத்துதான் என்பது இன்று நமக்குத் தெரியும். கிரகணத்தன்று சூரியனுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். அட்டையில் ஊசியால் ஒரு துளை போட்டு, அதன் வழியே விழும் வெளிச்சத்தை வெள்ளைத் தாளில் பிடியுங்கள். கடித்த அப்பம் அதில் தெரியும்!

ஒரு வாளித் தண்ணீர் ஒரு சிறுவனின் வாழ்க்கையையே மாற்றியது. உங்கள் வீட்டு மொட்டை மாடி உங்களுக்கு என்ன காட்டப்போகிறதோ, இன்றிரவே போய்ப் பாருங்கள்!