தாய் விரும்பாத நட்பு



பதின்ம வயதுப் பிள்ளைகள் வாழும் இல்லங்களில் அடிக்கடி எழும் பிணக்கு ஒன்றுண்டு. மகனோ மகளோ ஒரு நண்பரோடு இணைபிரியாது பழகுவர். பெற்றோருக்கோ அந்த நட்புப் பிடிப்பதில்லை. கொட்டாஞ்சேனையின் தொடர்மாடி வீடுகளுக்கும் ஒழுங்கைகளுக்கும் இது புதியதன்று. மகாத்மா காந்தியின் இளமையிலும் இதுவே நிகழ்ந்தது.

1869 ஒக்டோபர் 2 ஆம் திகதி போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், ராஜ்கோட்டில் கல்வி பயின்றார். கூச்ச சுபாவமுள்ள அவர், இருளுக்கு அஞ்சி விளக்கின்றி உறங்கமாட்டார். அவரது அண்ணனின் வகுப்புத் தோழன் ஷேக் மேத்தாபோ அச்சமறியாதவன். ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் வல்லவன். தம்மிடம் இல்லாத துணிவை அவனிடம் கண்ட மோகன்தாஸ் அவன்பால் ஈர்க்கப்பட்டார். இளையோரின் நட்புகள் பல இவ்வாறே பிறக்கின்றன.

தாய் புத்லிபாயும், மூத்த அண்ணனும், இளவயதிலேயே மணமுடித்திருந்த கஸ்தூரிபாயும் இந்த நட்பு வேண்டாமென எச்சரித்தனர். நண்பனின் குறைகளைத் தாம் அறிந்திருப்பதாகவும், அவனைத் திருத்தவே பழகுவதாகவும் மோகன்தாஸ் பதிலளித்தார். வீட்டார் அதனை நம்பினர்.

திருத்த முனைந்தவரே வழுவினார். இறைச்சி உண்டால் வலிமை வருமென்ற நண்பனின் சொல்லை ஏற்று, ஆற்றங்கரையில் மறைவாக ஆட்டிறைச்சி உண்டார். அன்றிரவு தம் வயிற்றினுள்ளே ஆடு கதறுவதுபோல் உணர்ந்து தவித்தார். ஏறத்தாழ ஓராண்டு காலத்தில் இத்தகைய விருந்துகள் ஐந்தாறு நடந்தன. அந்நாட்களில் பசியில்லையென்று தாயிடம் பொய்யுரைக்க நேர்ந்தது. அந்தப் பொய்யே அவரை வாட்டியது. பெற்றோர் உயிரோடிருக்கும்வரை இறைச்சியைத் தொடுவதில்லையென முடிவு செய்தார். கண்டிப்பு தடுக்காததைத் தாயன்பு தடுத்தது.

ஆயினும் நட்பு அறவில்லை. நண்பன் அவரைத் தகாத இடமொன்றுக்கும் அழைத்துச் சென்றான். மனைவிமீது வீண் ஐயத்தையும் வளர்த்தான். அந்த ஐயத்தால் கஸ்தூரிபாய் பட்ட துன்பத்திற்காகக் காந்தி பின்னாளில் பெரிதும் வருந்தினார்.

பதினைந்தாம் வயதில், அண்ணனின் கடனைத் தீர்க்க அவரது பொற்காப்பிலிருந்து சிறிது தங்கத்தைத் திருடிய மோகன்தாஸ், குற்றத்தைத் தாளில் எழுதி நோயுற்றிருந்த தந்தையிடம் கொடுத்தார். தந்தை அடிக்கவில்லை, ஏசவில்லை. கண்ணீர் வடித்து, தாளைக் கிழித்துவிட்டு, மீண்டும் படுத்துக்கொண்டார். அந்த மன்னிப்பை மகன் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

பின்னர் டர்பனில் காந்தியின் இல்லத்திலேயே மேத்தாப் தங்கினான். அங்கும் தவறிழைக்கவே, காந்தி அவனை வெளியேற்ற நேர்ந்தது. எனினும் காலப்போக்கில் மேத்தாப் மனந்திருந்தி, தென்னாபிரிக்க இந்தியரின் போராட்டத்தை ஆதரித்துப் பாடல்கள் இயற்றினார். எந்த மனிதரையும் முற்றாகத் தள்ளிவிடலாகாது என்பதற்கு இது சான்று.

அன்பர்களே, இங்கு ஒன்றைக் கவனியுங்கள். நண்பனின் மதத்தை வைத்து இந்த நட்பைத் தவறென்று எண்ணலாகாது. காந்தியின் தந்தை கரம்சந்த் இஸ்லாமிய, பார்சி நண்பர்களோடு சமயம் பற்றி உரையாடி மகிழ்ந்தவர். 1893 இல் காந்தி தென்னாபிரிக்கா சென்றதும் தாதா அப்துல்லா என்ற முஸ்லிம் வர்த்தகரின் நிறுவனத்திற்காகவே. ஆலய மணியும் கோவில் மணியும் பள்ளிவாசல் அழைப்பும் சேர்ந்தொலிக்கும் நம் கொட்டாஞ்சேனையில், பிள்ளையின் நண்பர் எந்த இனம், எந்த மதம் என்று பார்த்து முகஞ்சுளிப்பது வழிகாட்டல் ஆகாது. அந்த நட்பு பிள்ளையைப் பொய்யனாக்குகிறதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

இளையோரே, நண்பரைத் திருத்துவதாகச் சொல்லுமுன், அவரிடம் மறுப்புச் சொல்லும் உறுதி உங்களிடம் உண்டா என எண்ணிப் பாருங்கள். வீட்டில் மறைத்தே வளர்க்கவேண்டிய நட்பு ஏற்கனவே உங்களை மாற்றத் தொடங்கிவிட்டது.

பெற்றோரே, பன்னிரண்டு வயது இயேசுவை மூன்று நாள் தேடி ஆலயத்தில் கண்ட அன்னை மரியா, ஏன் இவ்வாறு செய்தாய் எனக் கேட்டார். தம் வேதனையையும் மறைக்கவில்லை. மகனின் பதில் விளங்காதபோதும் அதனை உள்ளத்தில் இருத்திக்கொண்டார். நீங்களும் கேளுங்கள், பொறுமையோடு செவிமடுங்கள். பொய்யுரைக்கப் பிள்ளையின் மனம் கூசுமளவிற்கு அவர்களை நேசியுங்கள். நீங்கள் உடன் செல்லமுடியாத இடங்களிலும் அந்த நேசம் அவர்களோடு செல்லும்.