முக்கோணத் துணியும் ஒரு வைத்திய மேதையும்

மடுத் திருவிழாவுக்குப் போய் வந்த வாசகரே, சனக்கூட்டத்தின் ஓரத்தில் சென். ஜோன்ஸ் அம்புலன்ஸ் தொண்டர்கள் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். கை முறிந்த பிள்ளையொன்றை அவர்களிடம் கொண்டு சென்றால், பையிலிருந்து வெள்ளை முக்கோணத் துணியொன்றை எடுத்து, முறிந்த கையை நெஞ்சோடு அணைத்துக் கழுத்திலே தொங்கவிட்டுக் கட்டுவார்கள். அந்தத் துணியை முதலில் எண்ணியவர் சுவிற்சர்லாந்து வைத்தியர் ஒருவர். ஆனால், அதைக் கட்டும் விதங்களைத் துணியிலேயே படமாக அச்சிட்டுப் போர்வீரனின் பையிலும் சாதாரண மனிதனின் கையிலும் சேர்த்தவர் பிரெடெரிக் எஸ்மார்க் என்ற ஜேர்மன் சத்திரசிகிச்சை நிபுணர்.

இவர் 1823ஆம் ஆண்டு தை மாதம் 9ஆந் திகதி, வடகடலுக்கு அண்மையிலுள்ள தோனிங் என்னும் சிறு பட்டினத்தில் ஒரு வைத்தியரின் மகனாகப் பிறந்தார். அப்பகுதி அந்நாளில் டென்மார்க் அரசனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1848இல் அங்கே யுத்தம் மூண்டபோது, கீல் நகரில் வைத்தியம் பயின்று கொண்டிருந்த இளைஞர் எஸ்மார்க்கும் களத்துக்குச் சென்றார். டேனியரிடம் சிறைப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டார். அதன்பின் 1864, 1866, 1870 என மூன்று யுத்தங்களில் காயப்பட்டோருக்குப் பணி செய்தார். இடையில், 1857இல், தம் ஆசிரியரும் மாமனாருமான ஸ்ரோமையரின் இடத்துக்குக் கீல் சர்வகலாசாலையின் சத்திரசிகிச்சைப் பேராசிரியரானார்.

வைத்திய உலகில் அவர் பெயரை நிலைநாட்டியது 1873இல் அவர் வெளியிட்ட ஒரு முறை. கை அல்லது காலை வெட்டிச் சிகிச்சை செய்யும்போது பெருகும் இரத்தமே பலரின் உயிரைக் குடித்தது. எஸ்மார்க் றப்பர்ப் பட்டியொன்றை விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி இறுக்கிச் சுற்றி, அவ்வுறுப்பிலுள்ள இரத்தத்தை உடலுக்குள் திருப்பினார். மேலே ஓர் இறுக்குக் கட்டுப் போட்டபின் கீழ்ச்சுற்றை அவிழ்த்துவிட்டார். இரத்தம் சிந்தாமலே சத்திரசிகிச்சை நடந்தது! இன்றும் அந்தப் பட்டி அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இத்தனை புகழும் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அவர் மனத்தை அரித்தது வேறொன்று. போர்க்களத்திலும் தெருவிலும் மனிதர் சாவது பெரும்பாலும் வைத்தியர் வருவதற்கு முன்பே. அருகில் நிற்பவர்கள் இரக்கமில்லாதவர்களல்லர். என்ன செய்வதென்று அறியாதவர்கள். 1881இல் இலண்டனில் கூடிய சர்வதேச வைத்திய மாநாட்டுக்குச் சென்றவர், அங்கே சென். ஜோன்ஸ் சங்கத்தார் பொதுமக்களுக்கு முதலுதவி வகுப்புகள் நடத்துவதைக் கண்டார். ஊர் திரும்பி, அடுத்த ஆண்டே கீல் நகரில் தம் பள்ளியைத் தொடங்கினார்.

அதற்கு அவர் இட்ட பெயர் உங்களுக்குப் புதியதல்ல: சமாரியர் பள்ளி. எரிக்கோவுக்குப் போகும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனின் காயங்களைக் கட்டிய அந்த அந்நியனின் பெயரைத்தான் அவர் தம் மாணவர்க்குச் சூட்டினார். உவமையைச் சற்று நினைத்துப் பாருங்கள். சமாரியன் செய்தவற்றில் முதலாவது, கிட்டப் போனது. இரண்டாவது, காயத்தைக் கட்டியது. சத்திரத்துக்குக் கொண்டுபோனது அதற்குப் பிறகுதான். எஸ்மார்க்கின் பாடமும் அதே வரிசைதான்.

எதிர்ப்பு சக வைத்தியரிடமிருந்தே வந்தது. அரைகுறை அறிவு போலி வைத்தியரைப் பெருக்கும் என்றார்கள். அந்தப் பயத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் எஸ்மார்க் தெளிவாக ஓர் எல்லை போட்டார்: வைத்தியர் வந்த கணத்தில் சமாரியரின் வேலை முடிந்தது. அவருடைய ஐந்து விரிவுரைகள் 1882இல் நூலாக வந்தன. அதே ஆண்டில் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் விக்ரோரியா மகாராணியின் மகள் ஹெலினா இளவரசி. எஸ்மார்க்கின் இரண்டாம் மனைவி அவ்விளவரசியின் கணவருக்குச் சகோதரி என்பதால், இதைக் குடும்பக் காரியம் என்றும் சொல்லலாம்!

மயங்கிக் கிடப்பவனின் நாக்கு பின்னே சரிந்து மூச்சை அடைத்துவிடும். கீழ்த்தாடையின் இரு மூலைகளுக்கும் பின்னால் விரல்களை வைத்து முன்னே தள்ளினால் வழி திறக்கும். குளோரோபோம் கொடுத்த நோயாளருக்கு எஸ்மார்க் பயன்படுத்திய இவ்வுபாயம் நோர்வே நாட்டு ஹைபேர்க்கின் பெயரோடும் சேர்த்து வழங்குகின்றது. நம் வீடுகளிலோ, ஒருவர் மயங்கினால் வாயில் சோடா ஊற்ற ஓடுகிறோம். தயவுசெய்து வேண்டாம், அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். மூச்சு இருந்தால் அவரைப் பக்கவாட்டில் சரித்துக் கிடத்துங்கள். மூச்சு இல்லையேல் தாமதியாமல் உதவிக்கு ஆள் அனுப்பி, நெஞ்சின் நடுவே இரு கைகளாலும் பலமாக, விரைவாக, விடாமல் அழுத்துங்கள். கைகளை உயர்த்தித் தாழ்த்திச் செயற்கைச் சுவாசம் கொடுத்த அக்கால முறை இப்போது கைவிடப்பட்டுவிட்டது.

இரத்தம் பாய்ந்தால் சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டு, அழுத்தியும் நிற்காவிட்டால் மட்டுமே காயத்துக்கு மேலே அகன்ற துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கம்பியும் மெல்லிய கயிறும் ஆகா. பாம்புக் கடிக்கோ இந்த இறுக்குக் கட்டே கூடாது. அது உறுப்பையே அழித்துவிடக்கூடும். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்துக் கொண்டுபோவதே இன்றைய வைத்தியரின் அறிவுரை. அந்நாளில் பெரிய வைத்தியர்களும் கட்டத்தான் சொன்னார்கள்.

எஸ்மார்க்கின் உபாயங்களுள் சிரிப்பு மூட்டும் ஒன்றும் உண்டு. கால்சட்டையைத் தாங்கும் தோள்வாரையே நீண்ட றப்பர்ப் பட்டியாகச் செய்வித்தார். வேண்டிய வேளையில் கழற்றி இரத்தப்பெருக்கை நிறுத்தலாம் அல்லவா! 1887இல் பிரபுப் பட்டம் பெற்ற அவர், 1908ஆம் ஆண்டு மாசி மாதம் 23ஆந் திகதி, கீல் நகரிலேயே, எண்பத்தைந்தாம் வயதில் காலமானார். அவர் ஊன்றிய சமாரியர் இயக்கம் அதற்குள் ஜேர்மனியின் பல நகரங்களிலும் வேர்விட்டிருந்தது.