திரை மறைவின் துயரங்களைப் பதிந்த பேகம் ருகையா

அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி எனத் தெற்கு நோக்கி நீளும் முசலிக் கரையோரம் ஒரு காலத்தில் முத்துக்குளிப்பினால் உலகப் புகழ் பெற்றிருந்தது. 1905ஆம் ஆண்டு இக்கடலில் நடைபெற்ற முத்துக்குளிப்பு வரலாற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாகும். அதே ஆண்டில், சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய ஆங்கில மாதர் சஞ்சிகையொன்றில், வங்காளத்து முஸ்லிம் பெண்மணி ஒருவரின் கதை பிரசுரமாயிற்று. 'சுல்தானாவின் கனவு' என்பது அதன் பெயர். அப்பெண்மணியின் முதற் கட்டுரைத் தொகுதியோ முத்தின் பெயரையே தாங்கியது. 'மோத்திச்சூர்' எனும் அத்தலைப்பில் மோத்தி என்பது முத்தாகும். அவர்தான் பேகம் ருகையா ஸகாவத் ஹுஸைன்.

குறையே காணமுடியாத இல்லத்தரசிகள் நிறைந்த ஊரொன்றைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் ஐரா லெவின் 1972இல் ஒரு திகில் நாவல் எழுதினார். சொந்தச் சிந்தனையுள்ள மனைவியரை அகற்றிவிட்டு, சொன்னதைச் செய்யும் இயந்திரப் பாவைகளை அவர்களிடத்தில் வைக்கும் கணவர்களின் கதை அது. பின்னர் திரைப்படமாகவும் வந்து பலரை அச்சுறுத்தியது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, கீழ்ப்படிதலின் உச்சம் ஒரு பெண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை ருகையா எழுதிவிட்டார். ஆனால் அவர் எழுதியவை புனைகதைகளல்ல. தாம் கண்டவையும் கேட்டவையுமான சம்பவங்கள்.

1880 டிசம்பர் 9ஆம் திகதி, இன்றைய பங்களாதேஷின் ரங்பூர் பகுதியிலுள்ள பைராபந்த் கிராமத்தில் நிலப்பிரபுக் குடும்பமொன்றில் ருகையா பிறந்தார். ஐந்து வயது முதலே அந்நியப் பெண்களின் கண்ணிலும் படாது ஒளிந்துகொள்ள வேண்டியவரானார். வீட்டுக்கு விருந்தினர் வந்தால் பசியோடு மூலையில் பதுங்கிக் கிடந்ததைப் பிற்காலத்தில் அவரே பதிந்துள்ளார். அரபும் பாரசீகமும் அனுமதிக்கப்பட்ட அவ்வீட்டில் பெண்களுக்கு வங்காளமும் ஆங்கிலமும் விலக்கப்பட்டிருந்தன. மூத்த சகோதரி கரீமுன்னிஸா வங்காளம் பயின்றது தெரியவந்ததும் அவருக்கு இளவயதிலேயே மணமுடித்து வைத்தனர். ருகையாவுக்கோ, வீடு உறங்கிய பின்னர் விளக்கொளியில் சகோதரர் இப்ராஹீம் ஸாபிர் இரகசியமாக ஆங்கிலம் கற்பித்தார்.

பதினெட்டு வயதளவில், பாகல்பூரில் அரச உத்தியோகம் பார்த்த ஸகாவத் ஹுஸைனை அவர் மணந்தார். வயதில் மிக மூத்தவராயினும், மனைவி எழுதுவதை ஊக்குவித்த கணவர் அவர். 'சுல்தானாவின் கனவு' கதையில் ஆண்கள் அந்தப்புரத்துள் அடங்கியிருக்க, பெண்கள் சூரிய வெப்பத்தையும் மேகத்து நீரையும் விஞ்ஞானத்தால் வசப்படுத்தி நாட்டை ஆள்கின்றனர். நிலைமையைத் தலைகீழாக்கிக் காட்டினால்தான் அதன் விபரீதம் புரியும் என்பது ருகையாவின் நையாண்டி.

இவ்வில்லறம் நீடிக்கவில்லை. பிறந்த இரு பெண் குழந்தைகளும் சிறுவயதிலேயே மறைந்தனர். 1909இல் கணவரும் காலமானார். அவர் பெண் கல்விக்கென விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டு அதே ஆண்டில் ஐந்து மாணவியருடன் பாகல்பூரில் பாடசாலை ஆரம்பமானது. குடும்பச் சொத்துத் தகராறு காரணமாக ஊரைவிட்டு வெளியேறிய ருகையா, 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் அதனை மீண்டும் தொடங்கினார். கல்வி இருபாலார்க்கும் கடமை என்ற நபிகளாரின் போதனையை எடுத்துக்காட்டி, வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பிள்ளைகளைக் கேட்டார். 1916இல் முஸ்லிம் பெண்களுக்கான சங்கமொன்றையும் நிறுவினார்.

1931இல் நூலாக வெளிவந்த 'அவரோத்பாசினி', அதாவது திரைக்குள் வாழ்பவள், நாற்பத்தேழு சம்பவங்களைக் கொண்டது. வீடு தீப்பற்றியபோது நகைப் பெட்டியுடன் வாசல்வரை வந்த பெண்ணொருத்தி, முற்றத்தில் தீயணைக்கும் அந்நிய ஆடவரைக் கண்டு திரும்பிச் சென்று கட்டிலின் கீழ் ஒளிந்து எரிந்து போகின்றாள். ருகையாவின் கணவர் வழி உறவுப் பெண்ணொருவர் கியூல் ரயில் நிலையத்தில் புர்கா சிக்கித் தண்டவாளத்தில் விழுந்தார். கைகொடுக்க ஓடிவந்த சுமைதூக்குவோரை, தொடலாகாது எனப் பணிப்பெண் தடுத்துவிட்டாள். காத்திருந்த ரயில் ஈற்றில் அவரை நசுக்கிக்கொண்டு புறப்பட்டது. இப்பெண்கள் எவரும் பிழை செய்தவர்களல்லர். தமக்குக் கற்பிக்கப்பட்டதை முழுமையாகக் கடைப்பிடித்தவர்கள். திகில் அங்கேதான் இருக்கின்றது.

ருகையா ஒழுக்கத்தையோ மார்க்கத்தையோ எதிர்த்தவரல்லர். தாமும் திரையைப் பேணினார். உயிரையும் அறிவையும் பறிக்கும் வழக்கத்துக்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டுவதையே மறுத்தார். அதற்கும் அவர் விலை கொடுத்தார். மாணவியரை ஏற்றிவரும் பாடசாலை வாகனத்தை முற்றாக மூடியபோது, காற்றின்றிச் சிறுமியர் மயங்கினர். பலகைக்குப் பதிலாகத் திரைச்சீலை இட்டபோது, அது காற்றில் விலகுகின்றது எனக் கண்டித்து மிரட்டல் கடிதங்கள் வந்தன. இரு பக்கத்து ஏச்சுக்கும் நடுவே பாடசாலை மூடப்படாது நடந்தது. இறுதி இரவிலும் பெண்ணுரிமை குறித்து எழுதிக்கொண்டிருந்த அவர், 1932 டிசம்பர் 9ஆம் திகதி, தாம் பிறந்த அதே நாளில் காலமானார். அவரது பாடசாலை கல்கத்தாவில் இன்றும் இயங்குகின்றது. பங்களாதேஷில் அந்நாள் ருகையா தினமாக அனுஷ்டிக்கப்படுகின்றது.

சிலாவத்துறைக்கு இவ்வாழ்வு தூரத்துக் கதையன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளம் முகாம்களில் தஞ்சமடைந்தபோது, கூலி வேலை செய்து குடும்பத்தைத் தாங்கிய பெண்கள் பலர். 2009இன் பின்னர் மீளக் குடியமர்ந்த ஊரில் காணிக்கும் வீட்டுக்கும் அலுவலகப் படியேறிப் பேசவேண்டியவர்களும் அவர்களே. அடங்கியிருக்க மட்டும் பழக்கப்பட்டவர்களால் அது எப்படி இயலும்? எனவே, வாய் பேசாதவளே நல்ல பிள்ளை எனப் புகழுமுன் பெற்றோர் சற்று நிதானிக்க வேண்டும். பாடசாலை தூரம், போக்குவரத்து வசதியில்லை என்ற காரணங்களால் ஒரு மாணவியின் படிப்பேனும் நின்றுவிடாது பார்த்துக்கொள்வது, தமிழ், முஸ்லிம் என்ற பேதமின்றி இக்கரையோர மக்கள் அனைவரதும் பொறுப்பாகும். வாகனம் ஒன்றுக்காக ருகையா பட்ட பாட்டை அறிந்தவர்கள் இதனைச் சிறிய விடயமாகக் கருதமாட்டார்கள்.