கல்லுக்குள் காடு கண்டவர்: பேராசிரியர் பீர்பால் சாஹ்னி

நவம்பர் 14 என்றதும் நேரு மாமாவும் குழந்தைகள் தினமும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. நேரு பிறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1891-ஆம் ஆண்டு அதே நவம்பர் 14-ஆம் நாள், மேற்குப் பஞ்சாபில் பேரா என்னும் ஊரில் மற்றோர் ஆண் குழந்தை பிறந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்து கல்லாய்ப் போன செடிகொடிகளின் வரலாற்றை உலகுக்கு எடுத்துரைக்கும் பேறு பிற்காலத்தில் அக்குழந்தைக்கு வாய்த்தது. அவரே இந்தியத் தொல்தாவரவியலின் தந்தை என்று போற்றப்படும் பேராசிரியர் பீர்பால் சாஹ்னி.

இளமையும் கல்வியும்

பேரா இன்று பாகிஸ்தானில் உள்ளது. ஜீலம் ஆற்றங்கரையில் அமைந்த அவ்வூருக்கு அப்பால், புகழ்பெற்ற உப்பு மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. தந்தை ருசிராம் சாஹ்னி லாகூர் அரசுக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். தாயார் ஈஸ்வர் தேவி. விடுமுறை வந்துவிட்டால் தந்தை பிள்ளைகளை இமயமலைப் பகுதிகளுக்கு நடைப்பயணமாக அழைத்துச் செல்வார். வழியில் கண்ட செடிகளையும் கற்களையும் திரட்டும் பழக்கம் சிறுவன் பீர்பாலிடம் அப்போதே வேரூன்றியது.

1911-இல் லாகூரில் பட்டம் பெற்ற அவர், அதே ஆண்டில் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜின் இம்மானுவேல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பேராசிரியர் சீவார்டு என்னும் தொல்தாவர அறிஞர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். 1919-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் முனைவர் பட்டத்துடன் தாயகம் திரும்பினார். வெளிநாட்டில் படித்து வந்தவராயினும் கதராடையே உடுத்தினார். காசியிலும் லாகூரிலும் சிறிது காலம் பணியாற்றியபின், 1921-இல் லக்னோ பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் முதல் பேராசிரியரானார்.

பாறை என்னும் ஏட்டுச்சுவடி

அவருடைய ஆராய்ச்சியை அறிந்துகொள்ள, பாறைகளைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். நம் திருப்பத்தூரிலிருந்து பார்த்தால் தெரியும் ஏலகிரி மலையை எவ்வளவு தேடினாலும் அதன் பாறையில் ஓர் இலையின் சுவடும் கிடைக்காது. பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பு ஆறி இறுகியதால் உண்டான பாறை அது. ஆனால் ஆற்று வண்டலும் கடல் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகும் இடங்களில் பிறக்கும் படிவுப்பாறைகளின் கதை வேறு. அவற்றிடையே சிக்கிய இலை, தண்டு, விதை ஆகியவை கல்லாகவே மாறிவிடுவது உண்டு. பொதுவாக அடியில் இருக்கும் அடுக்கு பழையது. மேலே இருப்பது புதியது.

அவ்வடுக்குகளுக்கு அறிஞர்கள் காலப் பெயர்கள் இட்டுள்ளனர். ஏறத்தாழ 42 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 36 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது டெவோனியன் காலம். உலகின் முதல் காடுகள் அப்போதுதான் எழுந்தன. அதன்பின் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை நீடித்தது கார்பானிபெரஸ் என்னும் நிலக்கரிக் காலம். ஐரோப்பாவின் பெரும் நிலக்கரிப் படுகைகள் அக்காலத்துச் சதுப்பு நிலக் காடுகளின் மிச்சமே. அன்று பூக்கும் செடி ஒன்றுகூட இல்லை. பெரணிகளும் அவற்றின் உறவுகளுமே மரமாய் ஓங்கி நின்றன.

உடுக்கையும் மரமும்

இப்பழம்பெரும் பெரணிகளே சாஹ்னியின் தொடக்க கால ஆராய்ச்சிப் பொருள்களுள் முக்கியமானவை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் கிடைத்த நிலக்கரிக் காலத்துக் கல் தண்டு ஒன்றை அவர் ஆராய்ந்தார். அதன் இலைக்காம்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நீர் செல்லும் குழாய்த் திரள் இடை சிறுத்து இருபுறமும் அகன்று, நம் உடுக்கையைப் போலத் தோன்றும். பழைய மணற்கடிகாரத்தின் வடிவத்தைக் கண்டே மேனாட்டார் அவ்வகைக்குக் கிளெப்சிட்ராப்சிஸ் என்று பெயரிட்டிருந்தனர்.

கல்லை எப்படி ஆராய்வது? முதலில் அதை மெல்லிய வில்லையாக அறுக்க வேண்டும். பின்பு ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்துத் தேய்த்து மெருகிட வேண்டும். சற்றே அதிகமாகத் தேய்த்தால் வில்லை பாழாகிவிடும். அவ்வாறு பக்குவமாகத் தேய்த்த வில்லையை நுண்ணோக்கியில் வைத்தால், பல கோடி ஆண்டுகளுக்கு முந்திய செல்களின் சுவர்கள்கூடக் கண்ணுக்குப் புலனாகும். அத்தகைய ஆய்வில், ஒரே அடிமரம்போல் தோன்றியது உண்மையில் ஒன்றன்று என்று தெரிந்தது. பல சிறு தண்டுகளும் இலைக்காம்புகளும் வேர்களால் இறுகப் பின்னப்பட்டு, கயிற்றின் புரிகளைப்போல் ஒன்றாகி மரமாய் நிமிர்ந்திருந்தன. தனித்தனியே நிற்க இயலாத மெல்லிய தண்டுகள் ஒன்றுகூடி நின்ற விந்தை அது!

நம் நாட்டில் நிலக்கரிக் காலத்துச் செடிகள் கிடைப்பது அரிது. 10,000 அடிக்கும் மேல் உயர்ந்த இமயத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கில், போ என்னும் சிற்றூரின் பெயரால் வழங்கும் பாறை அடுக்குகளில் அவை அகப்பட்டன. பெர்லின் அறிஞர் கோத்தானுடன் இணைந்து சாஹ்னி அவற்றை ஆராய்ந்து 1937-இல் முடிவுகளை வெளியிட்டார்.

கண்டங்கள் நகர்ந்த கதை

ஒரு காலத்தில் ஜோலார்பேட்டை வழியே புகை கக்கிச் சென்ற நீராவி இஞ்சின்களை நம் பெற்றோரும் பாட்டிமாரும் கண்டிருப்பார்கள். நம் நாட்டு நிலக்கரியின் பெரும்பகுதி, கார்பானிபெரஸுக்கு அடுத்து வந்த பெர்மியன் காலத்துக் காடுகளிலிருந்து உண்டானது. அக்காடுகளில் நாக்கு வடிவ இலைகளை உடைய குளொசாப்டெரிஸ் என்னும் மரம் மிகுந்திருந்தது. அதே மரத்தின் சுவடுகள் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா, அண்டார்டிகா ஆகிய இடங்களிலும் உள்ளன. ஆனால் பக்கத்தில் உள்ள சீனத்தில் அன்று வளர்ந்தவையோ வேறு செடிகள். அண்டையில் இருப்பவை வேறுபடவும் தொலைவில் இருப்பவை ஒன்றுபடவும் காரணம் என்ன? கண்டங்கள் நகர்ந்தன என்ற வெகனரின் கொள்கையைப் பலரும் ஏற்க மறுத்த 1930-களிலேயே, சாஹ்னி இச்செடிகளைச் சான்றாக வைத்து அதனை ஆராய்ந்து எழுதினார். 1960-களில் உலகம் அக்கருத்தின் பக்கம் திரும்பியது.

1936-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 1940 ஜனவரியில் நம் சென்னையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டுக்கு அவரே பொதுத் தலைவர். அதே 1940-இல்தான், இன்றைய பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தை டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார் என்பது தமிழர்க்குப் பெருமை தரும் செய்தி.

அறிஞரும் தவறலாம்

பேராவுக்கு அருகிலுள்ள உப்பு மலைத்தொடரின் வயதைப் பற்றி நிலவியலாரிடையே நெடுநாள் வழக்கு இருந்தது. அவ்வுப்பு 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது என்றனர் ஒரு சாரார். சாஹ்னி உப்பைக் கரைத்து, அதில் நுண்ணிய மரத்துகள்களையும் பூச்சிகளின் துணுக்குகளையும் கண்டார். ஆகவே அது ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமையே உடையது என்று வாதிட்டார். 1944-லும் 1945-லும் இதற்காகவே அறிஞர் கூட்டங்கள் நடந்தன. பின்னாளைய ஆய்வுகள் உப்பு மிகப் பழையதே என்று நிலைநாட்டின. அத்துகள்கள் பிற்காலத்தில் வெளியிலிருந்து புகுந்தவை என்று கருதப்பட்டது. இதனால் சாஹ்னியின் புகழ் குறைந்துவிடவில்லை. தம் சான்றுகளை ஒளிக்காமல் அவையின் முன் வைத்ததால்தான் பிறர் அவற்றைச் சோதித்து உண்மையை அடைய முடிந்தது. அறிவியலில் எவ்வளவு பெரியவர் சொல்லும் சோதனைக்கு உட்பட்டதே.

ஏழே நாட்கள்

தொல்தாவரங்களுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் வேண்டும் என்பது சாஹ்னியின் வாழ்நாள் கனவு. தாமும் தம் மனைவி சாவித்திரி அம்மையாரும் சேர்த்த கல் படிவங்கள், நூல்கள், பொருள் யாவற்றையும் அதற்கென அளித்து, 1946-இல் லக்னோவில் அதைத் தோற்றுவித்தார். கட்டடத்துக்கு 1949 ஏப்ரல் 3-ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். பல காலத்துப் புதைபடிவங்களைப் பதித்துச் செய்த அரிய அடிக்கல் அது. ஏழே நாட்கள் கழிந்தன. ஏப்ரல் 10-ஆம் நாள், மாரடைப்பால் சாஹ்னி மறைந்தார். அப்போது அவருக்கு வயது 57.

சுவர்கூட எழும்பாத நிலையம் அத்துடன் நின்றிருக்க வேண்டியதே. ஆனால் நிலையத்தைப் பேணி வளர்க்கும்படி கணவர் ஒப்படைத்த பொறுப்பைச் சாவித்திரி அம்மையார் கைவிடவில்லை. அவர் ஆராய்ச்சியாளர் அல்லர். ஆயினும் கணவருடன் பல பயணங்கள் சென்று, அவர் பணியின் அருமையை உணர்ந்தவர். கணவரை இழந்த துயரிலும் தலைமைப் பொறுப்பை ஏற்று, பொருள் திரட்டி, கட்டடத்தை எழுப்பினார். 1953 ஜனவரியில் நேருவே வந்து அதைத் திறந்துவைத்தார். 1969 வரை அம்மையாரே நிலையத்தை நடத்தினார். அவ்வாண்டு பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. 1985-இல் அவர் மறைந்தார். பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம் என்ற பெயரில் அந்நிலையம் இன்றும் உலக அறிஞர்களை ஈர்த்து வருகிறது. அதன் வளாகத்திலேயே சாஹ்னியின் சமாதியும் உள்ளது.

மாணவிகளே! பீர்பால் சாஹ்னியின் கண்டுபிடிப்புகளைப் பாட நூல்கள் சொல்லும். அவர் தொடங்கியதை அழியாமல் காத்த ஒரு பெண்மணியின் உறுதியை நாம்தான் நினைவில் வைத்துப் போற்ற வேண்டும். ஆராய்ந்து புதியதைக் காண்பதும் அரிய பணி. பிறர் தொடங்கிய நற்பணியை வீழாமல் தாங்குவதும் அதற்குச் சற்றும் குறையாத பணி. இவ்விரண்டில் எது நம் கைக்கு வந்தாலும் அதை முழுமனத்துடன் செய்வோமாக!